ஆடி முடியட்டும் மேடம்

தாம்பரத்தில் அந்த அலுவலகத்தின் இன்டர்வியூ அறையில், சர்டிபிகேட் ஃபைலை இறுக அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள் ஜெயஸ்ரீ. கேட்ட கேள்விக்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்லியிருந்தாள்.

"செலக்ட் ஆயிட்டீங்க. திங்கட்கிழமையே ஜாயின் பண்ணிடுங்க" என்றார் ஹெச்.ஆர். மேனேஜர் நிகத்.

"ஆடி முடிஞ்சதும் வரட்டுமா மேடம்? ஆடியில புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க."

"முடியாது. திங்கட்கிழமை வரணும்."

"நாலே வாரம்தான் மேடம்."

"ஒரு வாரம்கூட கிடையாது."

இவ்வளவு கறாரான மேனேஜரிடம் எப்படிக் குப்பை கொட்டப்போகிறோம் என்று ஜெயஸ்ரீக்குக் கவலை வந்துவிட்டது.

நிகத் பேனாவை மூடினார். "சர்டிபிகேட் எல்லாம் பார்த்தாச்சு. இன்னும் எதுக்கு ஃபைலை வயித்தோட சேர்த்துப் பிடிச்சிருக்கீங்க? எத்தனை மாசம்?"

கைக்கு வந்த வேலை போய்விட்டது என்றே நினைத்தாள் ஜெயஸ்ரீ.

"ஆறு நடக்குது மேடம். சொன்னா வேலை தரமாட்டீங்கன்னு..."

"அதுக்காக உங்களைத் தள்ளினா தப்பு எங்க மேலதான். ஆனா சட்டத்துல ஒண்ணு இருக்கு. பிரசவத்துக்கு முன்னாடி எண்பது நாளாவது இங்க வேலை பார்த்திருந்தாதான் சம்பளத்தோட லீவு கிடைக்கும். ஆடி முடிஞ்சு வந்தீங்கன்னா நாள் பத்தாது. அதான் அடம் பிடிக்கிறேன்."

ஜெயஸ்ரீ ஃபைலை மேஜைமேல் வைத்தாள்.

"நாளைக்கே வந்துடட்டுமா மேடம்?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைம்மா. வீட்டுலயே இருந்து மாமியாரைச் சமாதானம் பண்ணுங்க."