இரண்டு வருஷத்துக் காயம்

“எப்போ விழுந்தது?” என்று கேட்டார் டாக்டர்.

“ரெண்டு வருசமாச்சுய்யா,” என்றாள் கத்தரீனாள்.

டாக்டர் சிவராமகிருஷ்ணன் பாலக்காட்டுக்காரர். அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலால் ஓரிடத்தில் அழுத்தியபடியே பக்கவாட்டில் அசைத்தார். உள்ளே ஏதோ நகர்ந்து, ‘ணக்’கென்று திரும்பி உட்கார்ந்தது.

அவள் சத்தம் போடவில்லை. ஸ்டூலின் கால் மட்டும் தரையில் இழுபட்டது.

“இதை வெச்சுண்டா ரெண்டு வருஷம் கொழுந்து கிள்ளினேள்?”

“ஒத்தக் கையாலதான்யா. கங்காணி ஏசுறதுக்கு ரெண்டு காது இருக்கே.”

அவர் சிரிக்கவில்லை. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் இரண்டு சின்ன எலும்புகளுக்கு நடுவே இருக்கக்கூடாத இடைவெளி. சேர்த்துப் பிடித்திருந்த நார் அறுந்திருந்தது.

கத்தரீனாளுக்கு வேண்டியது ஒரு காகிதம். இந்தக் கை இனி வேலைக்கு ஆகாது என்று எழுதி முத்திரை குத்திய காகிதம்.

அதைக் கொடுத்தால் தேயிலை எஸ்டேட்டின் ஆள் பதிவான செக்ரோலில் அவள் பேரை வெட்டிவிட்டு, மகள் ஞானஜோதியின் பேரை எழுதுவார்கள். பேர் இருந்தால்தான் லயத்தில், அந்த வரிசைக் குடியிருப்பில், வீடு. வயதாகி வேலையிலிருந்து நிற்கிறவர்களின் பேர் யாருக்கும் போகாது. கை கால் போனவர்களின் பேர்தான் பிள்ளைக்குப் போகும்.

அவளுக்கு வேலை வயது முடிய எட்டு மாதம் இருந்தது. ஞானஜோதியின் புருஷன் போடிக்குப் போனவன், திரும்பவில்லை.

“பழசு மாதிரித் தோணலையே,” என்றார் டாக்டர். “ரெண்டு வருஷம்னா எலும்பு தேஞ்சிருக்கணும்.”

அவள் மணிக்கட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“இங்கே பாருங்கோ. புதுசா அறுந்ததுன்னா கையைக் கிழிக்கவே வேண்டாம். தோல்ல ரெண்டு ஊசித் துளை. எக்ஸ்ரேயில பாத்துண்டே கம்பி விட்டு எலும்பைச் சேத்து வெச்சா, நார் தானே ஒட்டிக்கும். ரெண்டு மாசம் மாவுக்கட்டு, அவ்வளவுதான். பழையபடி கிள்ளலாம். நாள் தாண்டிட்டா அது நடக்காது. அப்புறம் இந்தக் கையால ஒரு தம்ளரைக்கூடத் தூக்க முடியாது.”

படத்தைக் கீழே வைத்தார்.

“யோசிச்சுச் சொல்லுங்கோ. எப்போ விழுந்தது?”

ஜன்னலுக்கு வெளியே ஞானஜோதி குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நின்றாள்.

“ரெண்டு வருசம்யா. சித்திரபுரம் இறக்கத்துல. மழையில.”

அவர் பேனாவைத் திறந்தார். 11-8-1978 என்று தேதி போட்டார். பிறகு வேகமாக எழுதினார்.

ஞானஜோதி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “என்னம்மா சொன்னாரு?”

“சரியாகாதாம். காயிதம் குடுத்துட்டாரு. இனிமே எம்பேரு ஒனக்குத்தான்.”

ஞானஜோதி இங்கிலீஷில் இருந்த அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு உதடு கோணியது.

“அதெப்படிம்மா? நீ விழுந்து பதினாறு நாளுகூட ஆகலையே. அதுக்குள்ள ஒரு கை போயிருமா?”

“வயசாயிருச்சுல்லடி,” என்றாள் கத்தரீனாள்.