இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

“ஒண்ணு... ரெண்டு...”

என் கை தானாகத் துள்ளியது. ஊசி நழுவியது. இத்தோடு இரண்டாவது முறை.

“அக்கா, மூணு சொன்னப்புறம்தானே குத்துவேன்? அதுக்குள்ள என்ன அவசரம்?” இளம் நர்ஸின் குரலில் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது.

எனக்கே என் மீது எரிச்சலாக வந்தது. பத்து மணிக்குள் ரத்தம் பரிசோதனைக்குப் போகாவிட்டால் நாளைக்கு ஆபரேஷன் கிடையாது. அடுத்த தேதிக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். இன்னும் ஏழு நிமிடங்களே இருந்தன.

“ரெண்டு புள்ளை பெத்தவ, ஒரு ஊசிக்கா இந்தப் பாடு?” என்றார் கணவர்.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.”

பயமெல்லாம் இல்லை. ‘ரெண்டு’ என்று காதில் விழுந்ததும் உடம்பு முந்திக்கொள்கிறது. அதற்குப் பிறகு மூன்று என்று ஒன்று வரும் என்பதை அது நம்ப மறுக்கிறது.

நர்ஸ் இன்னொரு கையைத் தட்டி நரம்பைத் தேடினாள்.

“மூணுன்னு சொல்லிட்டு ரெண்டுலயே குத்தி யாரோ உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க. யாருக்கா அந்தப் புண்ணியவதி?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். குனிந்து பார்த்தால், குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் எண்ணவே இல்லை.

கணவர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சொல்லுங்கக்கா, யாரு?”

“என்னை யாரும் ஏமாத்தலம்மா,” என்றேன். “இருபது வருஷமா குழந்தைங்க வார்டுல ரெண்டுலயே குத்துறவ நான்தான்.”