டவுசர் பாலிஷ்

"சர்ர்ர்ர்... தொப்!"

மத்தியானம் இரண்டு மணியானால் போதும், செகரட்டரியின் காதில் அந்தச் சத்தம் இன்றைக்கும் ஒருமுறை விழுந்துவிட்டுத்தான் போகும்.

அப்போது அவள் அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் செகரட்டரியாகிப் புதிது. முதல் புகாரே முதல் மாடி சிடுசிடு சாரிடமிருந்துதான். கப்பல் கட்டும் தளத்தில் காலமெல்லாம் துருவை ஆராய்ந்து ஓய்வு பெற்றவர். அந்தத் துரு கொஞ்சம் முகத்திலும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்பாள் எதிர்வீட்டு அக்கா.

"மத்தியானம் கண்ணை மூட முடியலை. பக்கத்துல கட்டட வேலை செய்யறவங்க பசங்க நம்ம சறுக்குமரத்துல குதிக்குதுங்க. கேட் எதுக்கு இருக்கு, அழகுக்கா?"

இறங்கிப் போய்ப் பார்த்தாள். வாட்ச்மேனே ஏணியடியில் நின்று, பிள்ளைகளை ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு உள்ளே விட்டீங்க?"

"விளையாட விடலை மேடம். வேலைக்கு வச்சிருக்கேன்."

"வேலையா?"

"பாலிஷ் வேலை. நம்ம வீட்டுப் பசங்க டியூஷனுக்கு ஓடுதுங்க, சறுக்க ஆளில்லை. கடல் காத்துல தகடு சொரசொரன்னு ஆகித் துரு ஏறுது. டவுசர் தேய்க்கத் தேய்க்க வழவழன்னு ஆயிடும். துரு அண்டாது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவரையும் கூட்டிப் போய் விஷயத்தைக் கமிட்டியில் வைத்தாள். எல்லோரும் சிடுசிடு சாரைப் பார்த்தார்கள்.

"சொரசொரப்புல உப்பும் ஈரமும் குடியேறிடும். வழவழப்புல அதுக்கு உட்கார இடமில்லை. அதுவரைக்கும் சரி" என்றார் அவர் வேண்டாவெறுப்பாக. "டவுசர் அந்த வேலையைச் செய்யுமாங்கறதுதான் கேள்வி. மழை முடியட்டும். ஒரு பொட்டுத் துரு தெரிஞ்சாலும் கேட்டைப் பூட்டணும். இவரும் வேற இடம் பார்த்துக்கணும்."

வாட்ச்மேனின் முகம் வெளுத்துவிட்டது. 'மனுஷனா இவர்!' என்று அவளுக்கு இருந்தது.

மழை ஊற்றித் தீர்த்தது. ஓய்ந்ததும் சிடுசிடு சார் பூதக்கண்ணாடியோடு இறங்கி வந்தார். பால்கனிகளெல்லாம் மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தன. தகட்டை மேலிருந்து கீழே விரலால் தடவினார்.

"ம். இல்லை."

அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் மாடியேறிவிட்டார். அடுத்த வருஷமும் அதே கண்ணாடி, அதே "ம்."

ஆனாலும் தினமும் இரண்டு மணிக்குப் பால்கனியில் அவர் தலை தெரியும். "ஏய் வானரங்களா, மெதுவா! மனுஷன் தூங்க வேண்டாமா?"

பிள்ளைகள் இன்னும் ஓங்கிக் குதிக்கும்.

மூன்றாவது மழைக்கு முன்னால் ஒருநாள், தூக்கத்திலேயே போய்விட்டார் சிடுசிடு சார். அந்த மழை ஓய்ந்தபோது தகட்டின் நடுவிலேயே செம்பொட்டுகள் தெரிந்தன.

வாட்ச்மேன் துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.

"பசங்க அதே மாதிரிதான் தேய்ச்சாங்க மேடம். என்ன ஆச்சுன்னே தெரியலை." அன்றைக்குக் கமிட்டியில் பேசியபடியே, கேட் சாவியை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, வீட்டைக் காலி செய்ய வந்திருந்த சிடுசிடு சாரின் மகள் ஒரு பக்கெட்டோடு இறங்கி வந்தாள்.

"ஆன்ட்டி, இது குடியிருப்புச் சாமானா? அப்பா கட்டிலுக்கடியில இருந்தது."

உள்ளே உப்புத்தாள்கள். சொரசொரப்பிலிருந்து நைஸ் வரை வரிசையாக அடுக்கி, எல்லாமே தேய்ந்து துணிபோலத் தொய்ந்துபோனவை. ஒரு எண்ணெய் டப்பா. ஒரு பழைய பனியன்.

"என்ன பண்ணினார்னே புரியலை ஆன்ட்டி. போன் பண்ணினாலே ஒரே புலம்பல்தான். 'விடியறதுக்கு முன்னாடி எழுந்து முதுகு ஒடியத் தேய்க்கிறேன், மத்தியானமாவது தூங்கலாம்னா அந்த வானரங்க விட்டாத்தானே'ம்பார். எதைத் தேய்க்கிறீங்கன்னு கேட்டா, போனை வச்சிடுவார்."

செகரட்டரி சாவியை வாட்ச்மேன் கையிலேயே திருப்பி வைத்தாள். பக்கெட்டை அவள் வாங்கிக்கொண்டாள்.

வாட்ச்மேன் அந்தக் கேட்டிலேயே இருந்துதான் ஓய்வு பெற்றார்.