தேங்காய்ப்பூத் துண்டு

"பன்னிக்குட்டி குடலுக்கு உள்பக்கம் தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி பூப்பூவா இருக்கும், பிலோமி. வைரஸ் அதையெல்லாம் உதிர்த்துடுச்சு. மறுபடி முளைக்கிறவரைக்கும் பால் ஒட்டாது" என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா.

மிஞ்சியது ஒரே குட்டி. குடித்ததெல்லாம் தண்ணீராய்ப் பின்னால் போனது. பிலோமி அதைக் கணவன் அருளப்பனின் தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றி, உப்புச் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாய்ப் புகட்டினாள்.

"உங்கப்பன் எடுத்துக் குடுத்த புதுத் துண்டுடி!" என்று அருளப்பன் கத்தியதை அவள் காதில் வாங்கவேயில்லை.

ஒரு காலையில் துண்டை விரித்தவள் கூவினாள்: "ஏங்க, கெட்டியா போட்டிருக்கு!"

ஓடிவந்த அருளப்பன் துண்டின் நடுவே கிடந்த சின்ன உருண்டையைக் குனிந்து பார்த்தான். பிறகு துண்டை உருண்டையோடு சீர்த்தட்டைப் போல இரு கைகளிலும் ஏந்தி, "வழி விடுங்க, வழி விடுங்க" என்றபடி டாக்டரம்மாவிடம் காட்டத் தெரு நடுவே மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தான்.