அறுநூற்றுப் பதினோரு மேற்கோள்கள்

குளியலறைக்குள் போன வேகத்திலேயே பேராசிரியை பேயறைந்தவர் மாதிரி வெளியே வந்தார். கதவை இழுத்துச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டார்.

"யாரு உள்ளே?" என்றார் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடைக்குக் கிளம்ப ஒரு காலில் சாக்ஸ் மாட்டியிருந்தார்.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி செத்துட்டதா எழுதிக் கொடுத்தேனே... அது வாளிக்குள்ள உட்கார்ந்திருக்குங்க!"

கணவர் எட்டிப் பார்த்தார். கட்டைவிரல் அளவில் ஒரு தவளை. முதுகில் மஞ்சள் கோடு. வீட்டுக்காரர் மாதிரி அவரை முறைத்துவிட்டு ஒரு சத்தம் போட்டது.

மஞ்சள்கோட்டுத் தவளை உலகத்திலேயே இந்த ஊர் ஏரியில் மட்டும்தான் இருந்தது. மூன்று வருடம் முழங்கால் சேற்றில் தேடிவிட்டு, 'இந்த இனம் அற்றுப்போய்விட்டது' என்று பேராசிரியை ஒரு கட்டுரை எழுதினார். அதன் பிறகு எந்த மூலையில் யார் தவளையைப் பற்றி எழுதினாலும் ஒரு வரியில் அவர் பெயரைப் போட்டாக வேண்டும் என்று ஆகிவிட்டது. அறுநூற்றுப் பதினோரு மேற்கோள்கள். பதவி உயர்வு, தனி அறை, அந்த அறைக்கு ஏசி எல்லாம் செத்த தவளையின் புண்ணியம். இன்று பதினோரு மணிக்கு விருது கொடுத்துப் பாராட்டு விழா வேறு.

"வேற தவளையா இருக்கும். இடது கண்ணுக்குப் பவர் ஏறியிருக்குன்னு போன வாரமே சொன்னேனே?"

"இதோட தொடை எலும்பு எத்தனை மில்லிமீட்டர்னு எனக்குத் தெரியும். பவர் ஏறிடுச்சாம், பவர்!"

"சரி, அப்ப ஜன்னல் வழியா விட்டுடு. அதுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி. நான் எதையும் பார்க்கலை."

பேராசிரியைக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. வாளியை ஜன்னல்வரை தூக்கிக்கொண்டு போனார்.

ஜன்னலுக்கு வெளியே ஏரி. கரையில் மண் அள்ளும் இயந்திரங்கள் மூன்று நின்றன. ஏரியைத் தூர்த்து வாகன நிறுத்துமிடம் கட்ட மாநகராட்சி போட்ட மனுவில் முதல் இணைப்பே அவருடைய கட்டுரைதான். 'காப்பாற்ற அங்கே எதுவும் மிச்சமில்லை' என்ற வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தார்கள். அந்த மேற்கோளைத்தான் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

வாளியைக் கீழே வைத்தார்.

"சாப்பாட்டு டப்பா ஒண்ணு குடுங்க. மூடியில ஓட்டை போடணும்."

"என் டப்பாவா?" என்றார் கணவர் பரிதாபமாக.

மண்டபத்தில் உள்ளூர்த் தவளை ஆய்வாளர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். அத்தனை பேரும் அவர் பெயரைத் தங்கள் கட்டுரைகளில் எழுதியவர்கள். பல்கலைக்கழக ஆய்வு மைய இயக்குநர் மேடையில் புகழ்ந்துகொண்டிருந்தபோது பேராசிரியையின் கைப்பையிலிருந்து 'க்ரீக்' என்று சத்தம் வந்தது.

இயக்குநர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். மறுபடியும் 'க்ரீக்'. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாருடைய கைப்பேசியோ என்று நினைத்திருப்பார்கள் எனப் பேராசிரியை தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மேடையேறினார். டப்பாவை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார்.

"நான் எழுதினது தப்பு. இது சாகலை. காலையில என் வீட்டுக் குளியலறையில இருந்துச்சு. ஏரியைத் தூர்க்கக் கூடாதுன்னு இன்னைக்கே எழுதிக் கொடுக்கப் போறேன். என்னை நம்பி எழுதின உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இந்த விருது எனக்கு வேண்டாம்."

தவளை தாவி, இயக்குநர் கையிலிருந்த பூங்கொத்தில் உட்கார்ந்தது. யார் முதலில் திட்டப்போகிறார்கள் என்று பேராசிரியை தலைகுனிந்து காத்திருந்தார்.

முன்வரிசையில் மூத்த ஆய்வாளர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"உங்களை இருபத்திமூணு தடவை மேற்கோள் காட்டிட்டேன்மா. அதுக்கப்புறம் எந்த முகத்தோட வாயைத் திறக்கிறது? எங்க வீட்டு மாடித் தொட்டியில ஒன்பது இருக்கு."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எங்க வீட்டுல பதினாலு, சார்!"