ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ரத்தம்

லிம்பானிக்கு வயது இருபத்தாறு. மலாவியிலிருந்து வந்து, கேப் டவுனில் ஒரு மரபணு ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். இதயம் வீங்கி இறந்துபோன தன் ஊர்க்காரர் ஒருவரின் டிஎன்ஏவில், வேறு இடத்திலிருந்து தாவி வந்து செருகிக்கொண்ட துண்டு ஏதாவது உண்டா என்று தேடிக்கொண்டிருந்தான்.

“இன்னுமா கிடைக்கல?” என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் நோல்வாசி.

“இதய ஜீன்லயே ஒண்ணு இருக்கு டாக்டர். ஆனா புரோகிராம் அதைத் தள்ளிடுது. ஒப்பிட வச்ச நல்ல ரத்தத்துலயும் அதே துண்டு இருக்கு. அப்போ அது கெடுதல் இல்லைன்னுதானே அர்த்தம்?”

“நல்ல ரத்தம்னு யார் சொன்னா? குடுத்தவனுக்கு ஸ்கேன் எடுத்தாச்சா?”

“இல்ல. நோய்நொடி ஒண்ணும் கிடையாதே.”

“அட மடையா, செத்தவரும் கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான்யா இருந்தார்! அவனை உடனே கூட்டிட்டு வா.”

“கூட்டிட்டு வர வேண்டாம் டாக்டர்.” லிம்பானி திரையிலிருந்து திரும்பினான். “ஊர்க்கார ரத்தம்தான் வேணும்னீங்க. யாரும் கிடைக்கல. என் ரத்தத்தையே குடுத்தேன்.”

லிம்பானி போனை எடுத்தான். அம்மாவிடம் போன் இல்லை. பக்கத்து வீட்டுக்குத்தான் செய்தி போகும். அவசரமாக எழுதி அனுப்பினான்.

“யார் படிச்சாலும் சரி, என் தம்பி யமிகானியை இன்னைக்குப் பந்து விளையாட விடாதீங்க. முதல்ல இதய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.”