புகழ் குறைந்தவருக்கே வாசல்

மல்யுத்த நட்சத்திரம் மாசிலாமணிக்கும் அவர் மனைவி, பாப் பாடகி ரெபேக்காவுக்கும் வீட்டுக் கதவுதான் எஜமான். கூட்ட நெரிசலுக்குப் பயந்து, இருவரில் அன்றைக்குப் புகழ் குறைந்தவரை மட்டுமே அது வெளியே விடும். ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பிரசவ வலி கண்ட அன்று, கதவு மாசிலாமணிக்குத் திறந்தது.

"அவ அம்மா வேணும்னுல்ல அழுவுறா!" என்று ரெபேக்கா கதறினாள்.

"சும்மா இரு புள்ள."

மாசிலாமணி ஜன்னலைத் திறந்து, கீழே நின்ற ரசிகர்களுக்கு அவளுடைய காதல் பாட்டைத் தன் கட்டைக் குரலில் பாடினார். அந்த வீடியோ பரவி உலகமே கூத்தாடியது; அவர் புகழ் அவளுடையதை மிஞ்சியது. கதவு மனம் மாறி ரெபேக்காவை விட்டது.

பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மாசிலாமணி இன்னும் ஜன்னலில்தான் நிற்கிறார்.

"கொஞ்சம் நல்லாப் பாடியிருந்தா, இந்நேரம் உங்கள மறந்திருப்பாங்க," என்றபடி ரெபேக்கா கடைக்குக் கிளம்பினாள்.